வீண்பழியும் கோட்டைவிட்டதும்: பரிசோதனை பற்றி வாசகர் கேள்விகள்

31 வருடம் ஒரு அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியில் ஆய்வக நுட்பநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களை ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து பிரிப்பது வழக்கம். இந்த முறை பிரித்ததில் ஏழு கடிதங்களைத் தனியாக எடுத்து வைத்தேன். ஒன்று ரத்ததானம் பற்றியது, ஒன்று காய்ச்சல், ஒன்று கம்ப்யூட்டர், இன்னொன்று சுனாமி. மேலுக்கு வேறு வேறாகத் தெரிந்தாலும் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: டெஸ்ட் ஏன் தப்பாகச் சொல்கிறது?

டெஸ்ட் இரண்டு விதமாகத் தப்பும். இல்லாததை இருக்கிறது என்று சொல்வது ஃபால்ஸ் பாசிட்டிவ். இருப்பதை இல்லை என்று சொல்வது ஃபால்ஸ் நெகட்டிவ். எங்கள் லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் குழப்பிக்கொள்வார்கள். அதனால் முதலாவதை ‘வீண்பழி’ என்றும் இரண்டாவதை ‘கோட்டைவிட்டது’ என்றும் சொல்லிக்கொடுப்பேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

கேள்வி: கல்லூரி முகாமில் ரத்தம் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன் செய்து நேரில் வரச் சொன்னார்கள். எச்ஐவி டெஸ்டில் ‘ரியாக்டிவ்’ என்றார்கள். நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்ஐவி பரிசோதனை மையம்) மறுபடி பார்த்ததில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. இடையில் நாலு நாள் நான் தூங்கவே இல்லை. இவ்வளவு கவனக்குறைவாகவா டெஸ்ட் செய்வார்கள்?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய மாணவர், விருதுநகர் மாவட்டம்

தம்பி, அந்த நாலு நாளுக்காக முதலில் என் வருத்தத்தைச் சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆனால் இதில் கவனக்குறைவு இருந்திருக்க வேண்டும் என்று இல்லை. ரத்த வங்கியின் டெஸ்ட் வேண்டுமென்றே அதிகமாகச் சந்தேகப்படும்படி வைக்கப்பட்டது. எலிசா என்ற டெஸ்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒருவருடைய ரத்தத்தின் தெளிநீர். கடைசியில் அமிலம் விட்டதும் சில குழிகள் மஞ்சளாகும். பளிச்சென்ற மஞ்சள், நிறமே இல்லாதது என்று இரண்டே வகை இருந்தால் எங்கள் வேலை எளிது. நடுவில் வெளிர்மஞ்சள் வருமே, அங்கேதான் சிக்கல். மெஷின் அந்த நிறத்துக்கு ஒரு எண் கொடுக்கும். எந்த எண்ணுக்கு மேலே போனால் ரியாக்டிவ் என்று ஒரு கோடு போட்டாக வேண்டும். கோட்டைக் கீழே இறக்கினால் ஒருவரும் தப்ப மாட்டார்கள். ஆனால் நோயே இல்லாத நாலு பேரும் சேர்ந்து மாட்டுவார்கள். மேலே ஏற்றினால் வீண்பழி குறையும். உண்மையிலேயே நோய் இருக்கும் ஒருவர் நழுவிவிடுவார். இரண்டையும் ஒரே கோட்டால் ஒழிக்க முடியாது.

ரத்த வங்கி அந்தக் கோட்டைக் கீழேதான் வைக்கும். நீங்கள் கொடுத்த ஒரு பை ரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரித்து மூன்று நோயாளிகளுக்கு ஏற்றலாம். அங்கே ஒன்றைக் கோட்டைவிட்டால் மூன்று குடும்பங்கள் போச்சு. சந்தேகப்பட்டு ஒரு நல்ல பையைக் கொட்டினால் ஒரு பைதான் நஷ்டம். அதனால் பையைப் பொறுத்தவரை ஒரு டெஸ்ட் போதும்; ரியாக்டிவ் என்றால் மறுபேச்சில்லாமல் அழித்துவிடுவோம்.

பைக்குச் சொல்லும் அந்தத் தீர்ப்பை ஆளுக்குச் சொல்லக் கூடாது. ஒரு மனிதரிடம் ‘உங்களுக்கு எச்ஐவி இருக்கிறது’ என்று சொல்ல, வெவ்வேறு வகையான மூன்று டெஸ்ட்களும் ஆம் என்று சொல்ல வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அதற்குத்தான் உங்களை நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினார்கள்.

ஏன் மூன்று என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு, பொறுமையாகப் படியுங்கள். நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 2 பேருக்கு எச்ஐவி இருக்கிறது. அப்படியானால் 10,000 பேரில் 20 பேர். நம் டெஸ்ட் நல்ல டெஸ்ட், அந்த 20 பேரையும் பிடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு 98 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது, 2 பேர் மேல் மட்டும் வீண்பழி போடுகிறது. 98 என்பது கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் நோய் இல்லாதவர்கள் 9,980 பேர். அதில் நூற்றுக்கு 2 என்றால் ஏறத்தாழ 200 பேர். ஆக, ரியாக்டிவ் என்று வந்த 220 பேரில் உண்மையானவர்கள் 20 பேர்தான். பதினோரு பேரில் ஒருவர்! மீதிப் பத்துப் பேரும் உங்களைப் போலத் தூக்கம் கெட்டவர்கள். இந்த 220 பேருக்கும் வேறு வகை கிட்டில் இரண்டாம் டெஸ்ட் போட்டால் வீண்பழி 200-லிருந்து 4-க்கு இறங்கிவிடும். மூன்றாவது போட்டால் அதுவும் அநேகமாக இருக்காது. ‘வேறு வகை’ என்பது முக்கியம். ஒரே கிட்டில் திரும்பப் போட்டால், முதல் முறை எதைப் பார்த்து ஏமாந்ததோ அதையே பார்த்து மறுபடியும் ஏமாறக்கூடும்.

இந்த ஒழுக்கம் நம் ஊரில் முதல் நாளிலிருந்தே இருந்தது. 1986-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்ஐவி கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் படித்துக்கொண்டிருந்த மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ரயிலில் வேலூருக்கு எடுத்துப்போய் எலிசா போட்டார். ஆறு குழிகள் மஞ்சளாயின. அதோடு அவர்கள் நிற்கவில்லை. மாதிரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பி, வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறு முறையில் உறுதி செய்துகொண்ட பிறகே நாட்டுக்குச் சொன்னார்கள். ஆய்வக நுட்பநர் ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 90-களின் கடைசியில், நான் வேலை பார்த்த இடத்தில், ஒரு இளைஞரிடம் முதல் டெஸ்ட் முடிவை மட்டும் வைத்துக்கொண்டு, கவுன்ட்டரில் நாலு பேர் நிற்கும்போதே சொல்லிவிட்டார்கள். சொன்னது நான் இல்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் நான்தான் இருந்தேன், தடுக்கவில்லை. பத்து நாளில் மறு டெஸ்ட்களில் ஒன்றுமில்லை என்று வந்தது. அதற்குள் அவர் மனைவியைப் பிறந்த வீட்டார் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அந்தப் பெண் திரும்பி வர ஏழு மாதமாயிற்று. அவர் லேபுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இந்த ரெண்டாவது தாள் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காம இருந்திருக்கலாமே மேடம்?” அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு என் லேபில் முதல் முடிவை மட்டும் வைத்துக்கொண்டு வெளியே சொல்ல நான் யாரையும் விட்டதில்லை.

இன்னொரு விஷயம், இது எல்லாருக்கும். எச்ஐவி தொற்றிய முதல் சில வாரங்களில் டெஸ்டில் எதுவும் தெரியாமல் போகலாம். அந்த நேரத்தில் எவ்வளவு நல்ல டெஸ்டும் கோட்டைவிடும். ஆகவே தனக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்காக யாரும் ரத்ததானத்துக்குப் போகாதீர்கள். உங்கள் ரத்தம் டெஸ்டில் தப்பி ஒரு குழந்தைக்கு ஏறிவிடலாம். சந்தேகம் இருந்தால் நேராக நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். டெஸ்ட் இலவசம், பெயர் வெளியே வராது. 1097 என்ற எண்ணிலும் கேட்கலாம். நீங்கள் மறுபடி ரத்தம் கொடுக்கலாமா என்பதை மட்டும் அந்த ரத்த வங்கி மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள் தம்பி.

கேள்வி: என் ஏழு வயது மகனுக்கு ஒரே வருடத்தில் மூன்று தடவை ‘டைபாய்டு’ என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் ரத்தம் எடுத்தோம், வைடால் பாசிட்டிவ் என்று வந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறேன். எங்கே தப்பு செய்கிறேன்?
– வாசகி, கம்பம்

நீங்கள் தப்பே செய்யவில்லை அம்மா. என் சந்தேகம் அந்தத் தாள் மேல்தான்.

வைடால் 1896-ல் பிரான்சில் வந்த டெஸ்ட். மலிவு, சில மணி நேரத்தில் முடிவு, அதனால் நம் ஊர்களில் இன்னும் அதுதான் ஓடுகிறது. அது கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைப் பார்க்கிறது. டைபாய்டில் அந்த எதிர்ப்பொருள் கணிசமாக ஏறவே ஒரு வாரம் ஆகும். இரண்டாம் நாள் காய்ச்சலில் அது பாசிட்டிவ் என்று வந்தால், இந்தக் காய்ச்சலால் வந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? முன்பு எப்போதோ வந்துபோன தொற்று, போட்ட தடுப்பூசி, அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு கிருமி, மலேரியா போன்ற வேறு காய்ச்சல் என எது வேண்டுமானாலும் அப்படிக் காட்டலாம். டைபாய்டு நடமாடும் ஊரில் நன்றாக இருப்பவருடைய ரத்தமே 1:80 வரை, அதாவது 80 மடங்கு நீர்க்க வைத்த பிறகும், காட்டும். அதையும் ‘பாசிட்டிவ்’ என்று அடித்துக் கொடுக்கும் லேப்களை நான் பார்த்திருக்கிறேன், அது எனக்குக் கோபம் தரும் விஷயம். அதே சமயம், உண்மையிலேயே டைபாய்டு இருக்கும் பிள்ளைக்கு முதல் வாரத்தில் வைடால் நெகட்டிவ் என்றும் வரும். ஒரே டெஸ்ட், ஒரே வாரத்தில், இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

அடுத்த தடவை காய்ச்சல் நாலைந்து நாள் நீடித்து, டாக்டர் டைபாய்டாக இருக்குமோ என்று நினைத்தால், பிளட் கல்ச்சர் எடுக்கலாமா என்று கேளுங்கள். ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டும். கிருமியையே வளர்த்துப் பார்ப்பதால் முடிவுக்குச் சில நாள் ஆகும், காசும் கூடுதல். அதுவும் சிலரைக் கோட்டைவிடும். ஆனால் டைபாய்டுக் கிருமி வளர்ந்தது என்று சொன்னால் நம்பலாம். வீண்பழியில் மூன்று தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிள்ளை, நாளைக்கு நிஜமாகவே தேவைப்படும்போது அது வேலை செய்யாமல் நிற்கக் கூடாது.

காய்ச்சல் டெஸ்ட் எதுவானாலும் ‘இன்றைக்குக் காய்ச்சல் எத்தனையாவது நாள்?’ என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். டெங்குவுக்கு, வைரஸின் புரதத்தையே பார்க்கும் என்எஸ்1 டெஸ்ட் முதல் ஐந்து நாளுக்கு நல்லது. எதிர்ப்பொருளைப் பார்க்கும் ஐஜிஎம் டெஸ்ட் அதற்குப் பிறகுதான் பேசும். ஏழாம் நாள் என்எஸ்1 மட்டும் எடுத்து ‘டெங்கு இல்லை’ என்று நிம்மதியாக இருந்த வீடுகளை நான் அறிவேன்.

கொரோனா காலம் ஞாபகம் இருக்கும். 2020 ஜூனில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) விரைவு ஆன்டிஜன் டெஸ்டை அனுமதித்தபோது அதன் குணத்தை வெளிப்படையாகச் சொன்னது. நோய் இல்லாதவர்களை 99.3 முதல் 100 சதவீதம் வரை சரியாக விட்டுவிடும். நோய் உள்ளவர்களைப் பிடிப்பது 50.6 முதல் 84 சதவீதம்தான். அதாவது வீண்பழி போடாது, ஆனால் நிறையக் கோட்டைவிடும். ஆகவே பாசிட்டிவ் என்றால் நம்பு, அறிகுறி இருந்து நெகட்டிவ் என்றால் ஆர்டி-பிசிஆர் எடு என்றார்கள். ஒவ்வொரு டெஸ்டுக்கும் அதன் குணத்தை இப்படிப் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கேள்வி: நாள் தள்ளிப் போன மறுநாளே கர்ப்பப் பரிசோதனை கார்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு கோடுதான் வந்தது. ஆனால் எனக்குள் ஏதோ மாற்றம் தெரிகிறது.
– வாசகி, சேலம்

ஒரு கோடு என்றால் ‘இன்னும் தெரியவில்லை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டு தேடும் கர்ப்ப ஹார்மோன் ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். நாலைந்து நாள் விட்டு, விடிகாலையில் முதல் சிறுநீரில் பாருங்கள். கார்டில் எழுதியிருக்கும் நிமிடத்துக்குள் பார்த்துவிடுங்கள். அரை மணி கழித்துக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தால் காய்ந்துபோன பொய்க்கோடு தெரியும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலியோ, மயக்கமோ, ரத்தப்போக்கோ இருந்தால் கார்டு என்ன சொன்னாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். உள்ளூர்ப் பையன் எழுதிக்கொடுத்த பில்லிங் மென்பொருளை ஆன்டிவைரஸ் திடீரென்று ‘வைரஸ்’ என்று தூக்கிவிட்டது. தீபாவளி காலண்டர் சீசனில் இரண்டு நாள் வேலை கெட்டது. ஆன்டிவைரஸையே எடுத்துவிட்டேன். செய்தது சரியா?
– வாசகர், சிவகாசி

கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலையில் இருக்கும் என் தம்பி மகனிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “பாவம் அத்தை, அவர் கோபம் நியாயம்தான். ஆனா எடுத்தது தப்பு” என்றான். அவன் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன்.

ஆன்டிவைரஸும் எங்கள் எலிசா போலத்தான், சாயலைப் பார்த்துச் சொல்கிறது. தெரிந்த வைரஸ்களின் அடையாளத்தோடு ஒப்பிடும். அப்புறம் நடத்தையையும் பார்க்கும்: முகம் தெரியாத நிரல், யார் எழுதியது என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் கிடையாது, மற்ற கோப்புகளைத் திறந்து மாற்றி எழுதுகிறது. உங்கள் பில்லிங் மென்பொருள் இது அத்தனையையும் செய்யும். அதைப் பயன்படுத்துவதே உங்களைப் போல ஒரு சிலர்தான், ஆன்டிவைரஸுக்கு அது அந்நியன். பெரிய நிறுவனங்களுக்கும் இந்தச் சறுக்கல் நடந்திருக்கிறது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான ஒரு கோப்பையே வைரஸ் என்று பிடித்துவிட்டது. உலகம் முழுக்கப் பல அலுவலகங்களில் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்துகொண்டிருந்தன.

செய்ய வேண்டியது இதுதான். ஆன்டிவைரஸைத் திரும்பப் போடுங்கள். அது தூக்கிய கோப்பு பெரும்பாலும் அழிந்திருக்காது, குவாரன்டைன் என்ற அறையில் அடைபட்டிருக்கும். திருப்பி எடுக்கும் முன் அந்த நிரலை மட்டும் வைரஸ்டோட்டல் என்ற இலவச இணையதளத்தில் ஏற்றிப் பாருங்கள். பல நிறுவனங்களின் ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். வாடிக்கையாளர் கணக்கு இருக்கும் கோப்புகளை மட்டும் அங்கே ஏற்றிவிடாதீர்கள். ஒன்றிரண்டு மட்டும் சந்தேகப்பட்டால் அநேகமாக வீண்பழி. எழுதிக்கொடுத்த பையனிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அந்த ஒரு நிரலுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். முழு டிரைவுக்கும் விலக்குக் கொடுத்துவிடக் கூடாது. இருபது முப்பது பேர் வைரஸ் என்றால் அந்தப் பையனின் கம்ப்யூட்டரிலேயே ஏதோ புகுந்திருக்கிறது. பில் கணக்கை வாராவாரம் தனி டிஸ்க்கில் எடுத்து வைத்து, அதைக் கழற்றி பீரோவில் வையுங்கள்.

கோபத்தில் அணைத்துவிடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு நேரில் தெரியும். ரத்தப் பைகளை 2 முதல் 6 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அதற்கான ஃபிரிட்ஜில் ஒரு அலாரம் இருக்கும். நான் ஒரு மருத்துவமனையில் இருந்தபோது வந்த ஃபிரிட்ஜில், கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாலே அலாரம் அலறும். ஒரு ஷிப்டில் முப்பது நாற்பது தடவை. முதல் வாரம் ஓடி ஓடிப் பார்த்தோம். இரண்டாம் வாரம் நடந்து போனோம். மூன்றாம் வாரம் யாரோ ஸ்விட்சை அணைத்துவிட்டார்கள், யாரும் திரும்பப் போடவில்லை. நானும் போடவில்லை. சித்திரை மாதத்தில் ஒரு ராத்திரி கம்ப்ரஸர் நின்றுபோனது. காலையில் வந்து பார்த்தபோது உள்ளே 19 டிகிரி. 43 பைகளைக் கொட்டினோம். ஒவ்வொரு பையும் யாரோ ஒருவர் கையை நீட்டிக் கொடுத்தது. அன்று பிரசவ வார்டுக்கு ஓ நெகட்டிவ் தேடி மூன்று ஊருக்குப் போன் போட்டோம், நல்ல வேளை கிடைத்தது.

அந்த அலாரத்தின் வீண்பழிகள்தான் கடைசியில் நாங்கள் கோட்டைவிடக் காரணம். இரண்டும் எதிரெதிர் என்று நினைக்கிறோம். ஒன்று அளவுக்கு மீறினால் இன்னொன்றைப் பெற்றுப்போடுகிறது. பிறகு பொறியாளரை வரவழைத்து, கதவு திறப்புக்கு இரண்டு நிமிட அவகாசம் வைத்தோம். அந்தப் பத்து நிமிட வேலையை முதல் வாரமே செய்திருக்க வேண்டும்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். புள்ளியியலில் முதல் வகைப் பிழை, இரண்டாம் வகைப் பிழை இரண்டும் எப்போதும் மாறிவிடுகிறது. ஞாபகம் வைக்க ஒரு வழி சொல்லுங்கள்.
– மாணவி, நாகர்கோவில்

கோவலனை நினைத்துக்கொள் கண்ணு. ‘குற்றம் செய்யவில்லை’ என்பதுதான் நாம் எடுத்த எடுப்பில் வைத்துக்கொள்ளும் நிலை. குற்றமற்ற கோவலனைக் கள்வன் என்று சொல்லி வெட்டியது முதல் வகைப் பிழை. உண்மையான கள்வனான பொற்கொல்லனை யாரும் சந்தேகிக்காமல் விட்டது இரண்டாம் வகைப் பிழை. ஒரே வழக்கில் இரண்டும் நடந்தன. வீண்பழியில் ஒருவரைப் பிடித்துவிட்டால், பிடிக்க வேண்டியவரைத் தேடுவதையே நிறுத்திவிடுகிறோம், கவனித்தாயா? கண்ணகி அரசவையில் சிலம்பை உடைத்ததுதான் உறுதி செய்யும் டெஸ்ட். அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். அதை உடைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கோவலன் உயிரோடு இருந்தபோதே உடைத்திருக்கலாம்.

கேள்வி: 2012-ல் சுனாமி வருகிறது என்று ஓடச் சொன்னார்கள், ஓடினோம். ஒன்றும் வரவில்லை. இனி சொன்னால் எங்கள் பிள்ளைகள் ஓடுவார்களா?
– மீனவர், அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம்

ஐயா, 2004 டிசம்பர் 26 பற்றி உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. அன்று காலை ஆறரை மணிக்குச் சற்று முன்பு சுமத்ரா அருகே கடலடி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் சொல்வதற்கு இந்தியப் பெருங்கடலில் ஒரு அமைப்பு இல்லை. உங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். அதைவிடப் பெரிய கோட்டைவிடல் ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007-ல். 2012 ஏப்ரல் 11 மதியம் அதே சுமத்ரா பக்கம் 8.6 அளவில் அதிர்ந்தது. சென்னையிலும் ஆட்டம் தெரிந்து அலுவலகங்களிலிருந்து வெளியே வந்தார்கள். ஆனால் அன்று கடலடிப் பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. 2004-ல் போலத் தரை மேலே எழும்பித் தண்ணீரைத் தூக்கவில்லை. அதனால் சின்ன அலைகளோடு போயிற்று. நிலநடுக்கம் எங்கே, எவ்வளவு பெரிது என்பது சில நிமிடத்தில் தெரிந்துவிடும். தண்ணீர் உண்மையில் எழும்பியதா என்பதைக் கடலடி அழுத்தமானிகளும் கரையோர அலைமானிகளும் பார்த்துச் சொல்ல இன்னும் நேரம் பிடிக்கும். அதுவரை உங்களைக் கரையில் நிற்கச் சொல்ல முடியுமா? எங்கள் ரத்தப் பை கணக்குதான் ஐயா இது. ஒரு மதியத் தொழில் போனது வலிதான். ஆனால் எச்சரிக்கைக்கான கோடு எங்கே இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் மிகக் கீழே வைக்கச் சொல்வேன்.

ஒன்றில் உங்கள் பக்கம் நிற்கிறேன். எச்சரிக்கையைத் திரும்பப் பெறும்போது, ஏன் வரவில்லை என்பதையும் ஊருக்கு வந்து சொல்ல வேண்டும். காரணம் தெரிந்தால் பிள்ளைகள் அடுத்த தடவையும் ஓடுவார்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது, ஒற்றை ஆள் ரேஷன் கார்டு. நாற்பது வருடம் பீடி சுற்றியவர். மாதாமாதம் கடையில் ‘ரேகை விழவில்லை’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். அம்மாவே அம்மா இல்லை என்று மெஷின் சொல்லுமா?
– வாசகி, முக்கூடல்

சொல்லும் தாயி. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பீடி சுற்றுபவர்கள், உப்பளத்தில் நிற்பவர்கள், சுண்ணாம்பிலும் சிமென்ட்டிலும் கை வைப்பவர்கள் எல்லாருக்கும் விரல் நுனி தேய்ந்துபோகும். வயதானால் தோல் காய்ந்து வரி மங்கும். மெஷின் இன்றைய ரேகையை ஆதாரில் பதிந்த பழைய ரேகையோடு ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் போடுகிறது. இங்கேயும் ஒரு கோடுதான். அந்தக் கோட்டை ஏற்றினால் ஆள்மாறாட்டம் செய்பவர் மாட்டுவார், உங்கள் அம்மாவும் மாட்டுவார். ஒரு மூட்டை அரிசி வேறு ஆளுக்குப் போவது நஷ்டம்தான். 78 வயதுக்காரர் வெயிலில் இரண்டு தடவை நடந்து வெறுங்கையோடு திரும்புவதை எந்தக் கணக்கில் எழுதுவது? அந்தத் தப்பைச் சுமப்பது மெஷின் இல்லை, அம்மாவின் கால்கள்.

இப்போதைக்கு இதைச் செய்யுங்கள். கையை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்து, துளி தேங்காயெண்ணெய் தடவி நன்றாகத் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் விழாவிட்டால் மோதிரவிரலை வைத்துப் பார்க்கலாம்; பத்து விரலும் பதிவில் இருக்கிறது. கண்ணின் கருவிழியைப் பார்க்கும் கருவி பல கடைகளுக்கு வந்திருக்கிறது, உங்கள் கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள். அது வேறு வகை டெஸ்ட், அதனால்தான் பலன் தரும். ஆதார் மையத்தில் ரேகையையும் கருவிழியையும் புதிதாகப் பதிந்துகொள்ளுங்கள். கடைக்கு வர முடியாத முதியவர்கள் தங்களுக்குப் பதில் ஒருவரை நியமிக்கப் படிவம் உண்டு, வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் மறுத்தால் சண்டை போட வேண்டாம். தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு 1967-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள்.

அடுத்த மாதம் அம்மாவுக்கு அரிசி கிடைத்ததா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கிடைக்கவில்லை என்றாலும் எழுதுங்கள்.